உங்களுக்குத் தெரியுமா? வளர்ந்த பிள்ளைக்கும் ஈஸ்டர் கூடை உண்டு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்களில், ஈஸ்டருக்கு முந்தைய இரவு பிள்ளைகள் கூடை வைக்கவில்லை. பையன் தன் தொப்பியை மல்லாத்தி வைத்தான், பெண் தன் தலையணியை வைத்தாள். இரவில் முயல் வந்து அதில் வண்ண முட்டை இட்டுச் செல்லும் என்பது நம்பிக்கை. அந்தத் தொப்பிக் கூடுதான் பிற்காலத்தில் கூடையானது. எனக்கு இதில் பிடித்த விஷயம், அந்தத் தொப்பி பிள்ளையின் சொந்தப் பொருள் என்பது. ரிப்பன் கட்டிய பிரம்புக் கூடையைக் கையில் கொடுத்தால் பதினைந்து வயதுப் பையன் கூச்சப்படுவான். புதிய சைக்கிள் ஹெல்மெட்டை மல்லாத்தி, அதில் நிரப்பிக் கொடுத்துப் பாருங்கள். முதுகுப் பை, நீச்சல் பை, பூந்தொட்டி, சமையல் கற்கும் பெண்ணுக்கு ஒரு நல்ல வாணலி என எதுவும் கூடையாகலாம். பழைய வழக்கம் மாறாது, பாத்திரம் மட்டும் மாறும்.

❖

பிள்ளை வளர்ந்துவிட்டால் கூடையை நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் ஈஸ்டர் கொண்டாடும் நாடுகளில் நிறையப் பேர். நிறுத்த வேண்டாம் என்பதே என் கட்சி. மிட்டாய் வேண்டாமென்று சொல்லும் வயது வரும். தனக்காக ஒருவர் ராத்திரி எழுந்து எதையோ ஒளித்து வைத்தார் என்ற சந்தோஷத்தை வேண்டாமென்று சொல்லும் வயது வருவதில்லை.

❖

ஈஸ்டர் முயலைப் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்புகளில் ஒன்றை எழுதியவர் ஒரு மருத்துவர். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்து கியோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கனாவ், 1682-இல் ஈஸ்டர் முட்டைகள் பற்றி லத்தீனில் ஒரு கட்டுரை எழுதினார். அல்சாஸ் பகுதியில், முயல் முட்டையிட்டுப் புல்லிலும் புதரிலும் ஒளித்து வைக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள், அவர்கள் தேடி எடுப்பார்கள் என்பது அதில் உள்ளது. மருத்துவர் அல்லவா, முட்டையை அளவு மீறித் தின்றால் வயிற்றுக்கு ஆகாது என்றும் எச்சரித்தார்.

❖

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நாற்பது நாளும் இடைக்கால ஐரோப்பாவில் முட்டை தின்னத் தடை இருந்தது. கோழிக்கு அது தெரியாது, இட்டுக்கொண்டே இருந்தது. ஈஸ்டர் வரும்போது வீடு நிறைய முட்டை. பண்டிகையோடு முட்டை ஒட்டிக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

❖

பெரியவர்களுக்கும் ஒளித்து வைத்த பரிசு பிடிக்கும் என்பதற்கு ரஷ்யச் சக்கரவர்த்தியே சாட்சி. மூன்றாம் அலெக்சாண்டர் 1885-இல் தன் மனைவி மரியாவுக்கு ஃபாபெர்ஜே நிறுவனத்தில் ஒரு முட்டை செய்யச் சொன்னார். வெளியே வெள்ளை எனாமல் ஓடு. திறந்தால் தங்க மஞ்சள் கரு. அதைத் திறந்தால் ஒரு தங்கக் கோழி. கோழியின் வயிற்றுக்குள் ஒரு குட்டி வைரக் கிரீடமும் மாணிக்கத் தொங்கலும் இருந்தன. இந்தக் கிரீடமும் தொங்கலும் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அரச குடும்பத்துக்காக இப்படி 50 முட்டைகள் செய்யப்பட்டன, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கும்.

அவற்றில் ஒன்று காணாமல் போய், அமெரிக்காவில் ஒரு பழைய உலோக வியாபாரியின் கையில் கிடைத்தது. உருக்கித் தங்கமாக விற்கலாம் என்றுதான் அவர் வாங்கினார். உள்ளே ஒரு கைக்கடிகார அளவில் சின்னக் கடிகாரம் இருந்தது. அது தொலைந்துபோன அரச முட்டை என்ற செய்தி 2014-இல் உலகத்துக்குத் தெரிந்தது.

❖

இனி வருவது, உங்கள் வீட்டு வீடியோ கேம் பிள்ளையிடம் நீங்கள் சொல்லி அசத்த வேண்டியது. விளையாட்டுகளிலும் படங்களிலும் ஒளித்து வைக்கும் ரகசியத்தை ‘ஈஸ்டர் எக்’ என்கிறார்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது?

அட்டாரி நிறுவனம் அந்நாளில் விளையாட்டை எழுதியவரின் பெயரை எங்கேயும் போடுவதில்லை. வாரன் ராபினெட் என்ற இளைஞர் தனியாளாக ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை எழுதினார். அதில் யாரிடமும் சொல்லாமல் ஒரு ரகசிய அறை கட்டினார். பின்னணியின் நிறத்திலேயே ஒரே ஒரு புள்ளி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைக் கண்டெடுத்து, சரியான சுவரருகே கொண்டுபோனால் வழி திறக்கும். உள்ளே அவருடைய பெயர் மின்னும். 1980-இல் விளையாட்டு கடைக்கு வந்தபோது அவர் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். நீக்கலாமென்றால் சிப்பை மறுபடி தயாரிக்கச் செலவு அதிகம். அங்கே மேலாளராக இருந்த ஸ்டீவ் ரைட், அது இருக்கட்டும், ஈஸ்டர் முட்டையைத் தேடுவது போல விளையாடுபவர்கள் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

பதினைந்து வயதில் தேடும் ஆசை வற்றிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

❖

எனவே வளர்ந்தவர்களுக்குத் தேடலைக் கடினமாக்குங்கள். மூன்று எண் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் பரிசை வையுங்கள். பிளாஸ்டிக் முட்டைகளில் மிட்டாய்க்குப் பதில் துண்டுச் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் அடுத்த இடத்துக்கு ஒரு புதிர். பூட்டின் எண்கள் மூன்று முட்டைகளில் சிதறிக் கிடக்கட்டும். சில முட்டைகளில் சில்லறை, ஒன்றில் மட்டும் பெரிய நோட்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் ஆளுக்கு ஒரு நிறம் ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உயரமானவனே எல்லாவற்றையும் அள்ளிவிடுவான். இன்னும் நல்ல வழி, பெரியவனையே ஒளித்து வைக்கச் சொல்வது.

❖

நார்வேயில் ஈஸ்டர் என்றால் துப்பறியும் கதை. 1923-இல் நோர்டால் கிரீக், நில்ஸ் லீ என்ற இரு இளைஞர்கள் எழுதிய ரயில் கொள்ளை நாவலின் விளம்பரம், நாளிதழின் முதல் பக்கத்தில் செய்தித் தலைப்பைப் போலவே வந்தது. பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளை போனது என்று நம்பி மக்கள் பதறினார்கள். அன்றிலிருந்து ஈஸ்டர் விடுமுறைக்குத் துப்பறியும் நாவலோடு மலைவீட்டுக்குப் போவது அங்கே வழக்கமாகிவிட்டது. பால் பெட்டிகளின் மேல்கூடக் குற்றப் புதிர்க் கதைகள் அச்சாகும். கையில் ஆரஞ்சுப் பழமும் ‘க்விக் லுன்ஷ்’ சாக்லெட்டும் இருக்க வேண்டும். ஒரு நாவல், ஒரு ஆரஞ்சு, ஒரு சாக்லெட்: படிக்கிற பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த கூடையை நான் பார்த்ததில்லை.

❖

பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிற பிள்ளைக்குக் கேரமல், ஜெல்லி பீன்ஸ், கெட்டி மிட்டாய் வேண்டாம். ஒட்டி இழுத்தால் கம்பி பெயர்ந்துவிடும். வாயில் கரையும் வெறும் சாக்லெட் பரவாயில்லை.

❖

ஜெல்லி பீன்ஸின் பளபளப்பு பலவற்றில் அரக்கிலிருந்து வருகிறது. ஆமாம், மரக்கிளையில் பூச்சி சுரக்கும் அதே அரக்குதான். இந்தியாவில் அரக்கு அதிகம் கிடைப்பது ஜார்க்கண்டில். அமெரிக்கக் கூடைகளில் தவறாமல் இடம்பிடிக்கும் ‘பீப்ஸ்’ என்ற மார்ஷ்மெல்லோ குஞ்சில் சேரும் ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுப்பது. பதின்வயதில் சைவத்துக்கு மாறிய பிள்ளையோ, பன்றி தவிர்க்கும் வீட்டு நண்பனோ இருந்தால் உறையைப் படித்துவிட்டு வாங்குவது மரியாதை. 1950-களின் தொடக்கத்தில் ஒரு பீப்ஸ் குஞ்சைக் கையால் செய்து முடிக்க 27 மணி நேரம் ஆனது. இப்போது இயந்திரத்துக்கு ஆறு நிமிடம் போதும்.

❖

பொம்மை உள்ளே இருக்கும் ‘கிண்டர் சர்ப்ரைஸ்’ சாக்லெட் முட்டையை அமெரிக்காவில் விற்க முடியாது. தின்ன முடியாத பொருளை மிட்டாய்க்குள் புதைக்கக் கூடாது என்கிறது 1938-ஆம் ஆண்டுச் சட்டம்.

❖

அமெரிக்காவில் பல மாநிலங்களில் 16 வயதில் ஓட்டுநர் உரிமம் கிடைக்கும். அந்த ஆண்டுக் கூடைக்கு டார்ச் விளக்கு, டயர் காற்றழுத்தமானி, சாவி வளையம், போன் தாங்கி. கடைப் பரிசு அட்டையும் வைக்கலாம். அதிலுள்ள பணம் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குக் காலாவதியாகக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் சொல்கிறது. ஆனால் அட்டையை மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். கைப்பட எழுதிய நாலு வரி கூடவே இருக்கட்டும்.

❖

போலந்தில் ஈஸ்டர் கூடை பிள்ளைகளின் பரிசே அல்ல. ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனியன்று ரொட்டி, உப்பு, முட்டை, இறைச்சி, காட்டமான ஹார்ஸ்ரேடிஷ் கிழங்கு, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் வெள்ளைத் துணி விரித்த கூடையில் அடுக்கிக் கோயிலுக்கு எடுத்துப் போய் மந்திரித்து வருவார்கள். மறுநாள் காலை உணவு அதிலிருந்துதான் தொடங்கும். பரிசு வாங்க வெட்கப்படும் வயதில் இப்படியொரு கூடையைத் தயாரிக்கும் பொறுப்பைக் கொடுத்தால், பிள்ளை நிமிர்ந்து நடப்பான்.

❖

கை வேலையில் ஆர்வமுள்ள பெண்ணுக்கு உக்ரைனின் ‘பிசாங்கா’ முட்டைச் சாமான்கள் வாங்கிக் கொடுங்கள். சூடான தேன்மெழுகைச் சின்னக் குழல் பேனாவால் முட்டைமேல் வரைந்து சாயத்தில் முக்கி, மறுபடி வரைந்து அடுத்த சாயத்தில் முக்க வேண்டும். நாம் அறிந்த பாத்திக் துணியின் அதே நுட்பம். கடைசியில் மெழுகை உருக்கித் துடைத்தால் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். 2024-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மானுடத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொறுமையாகச் செய்தால் ஒரு முட்டைக்கே பல மணி நேரம் போகும், அதுவரை போன் பக்கம் கை போகாது.

❖

பின்லாந்தின் ‘மிக்னோன்’ முட்டைக்கு ஓடு நிஜக் கோழிமுட்டை ஓடு. உள்ளே பருப்புச் சாக்லெட். ஃபாட்சர் நிறுவனம் 1896 முதல் செய்கிறது. உரித்துத்தான் தின்ன வேண்டும்.

❖

வீட்டில் பூனை இருக்கிறதா? கூடையில் விரிக்கும் பிளாஸ்டிக் புல்லைத் தின்றால் அது குடலில் சிக்கி அறுவை சிகிச்சை வரை கொண்டுவிடும். ஈஸ்டர் லில்லிப் பூ அதைவிட ஆபத்து: இதழோ மகரந்தமோ சிறிது போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். நாய்க்குச் சாக்லெட் விஷம். புல்லுக்குப் பதில் ஒரு துண்டு, ஒரு டீ-சர்ட், ஒரு ஜோடி காலுறை என்று விரியுங்கள். அதுவும் பரிசாகும்.

❖

மெக்சிகோவிலும் டெக்சஸ் எல்லைப் பகுதியிலும் ‘கஸ்கரோன்’ என்று ஒன்று உண்டு. முட்டையின் நுனியில் சின்னத் துளையிட்டு உள்ளிருப்பதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, ஓட்டைக் கழுவிக் காயவைத்து, சாயம் பூசி, வண்ணக் காகிதத் துகள் நிரப்பி, துளையை மெல்லிய காகிதத்தால் ஒட்டிவிடுவார்கள். பல வாரம் முன்பிருந்தே ஓடு சேர்ப்பார்கள். ஈஸ்டர் அன்று பின்னால் வந்து தலையில் உடைப்பதுதான் விளையாட்டு. உடைபட்டவருக்கு நல்லது நடக்கும் என்பார்கள். பாட்டி தலையும் தப்பாது. பதின்வயதுக்காரர் கூடையில் ஒரு டஜன் போதும். கூடையை முற்றத்தில் வைத்துக் கொடுங்கள், வீட்டுக்குள் உடைத்தால் வாரக் கணக்கில் பெருக்க வேண்டியிருக்கும்.