கொல்லைப்புறத்துக் கிண்ணம்

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரர் ஒருவர் காலமானால் எங்கள் வட்டத்தில் அவரை 'சைலன்ட் கீ' என்போம். கீ என்பது மோர்ஸ் தட்டும் கருவி. அது ஓய்ந்துவிட்டது என்று பொருள். என் ரேடியோ மேசைக்கு மேலே அப்படி ஒருவரின் படம் மாட்டியிருக்கிறேன். பெயர் க்ரோட் ரீபர். அழைப்புக்குறி டபிள்யூ 9 ஜி எஃப் இசட். அவரோடு நான் ஒருநாளும் பேசியதில்லை.

சிகாகோவை அடுத்த வீட்டன் என்ற சிற்றூர்க்காரர். அம்மா பள்ளி ஆசிரியை. வானியலாளர் எட்வின் ஹபிள் சிறுவயதில் அவரிடம் படித்தவர். மகனுக்கோ ரேடியோதான் எல்லாம். பதின்வயதிலேயே உரிமம் வாங்கி, 60க்கும் மேற்பட்ட நாடுகளோடு பேசி முடித்துவிட்டார். எங்களில் பலருக்கு ஆயுசுக்கும் அது போதும். அவருக்குப் போதவில்லை.

அந்த நேரத்தில்தான் கார்ல் ஜான்ஸ்கியின் கட்டுரைகள் கண்ணில் பட்டன. பெல் ஆய்வகப் பொறியாளரான ஜான்ஸ்கி, கடல்கடந்த தொலைபேசிப் பேச்சைக் கெடுக்கும் இரைச்சலுக்குக் காரணம் தேடியவர். இடிமின்னலின் கரகரப்பைக் கழித்த பிறகும் ஒரு மெல்லிய 'உஸ்' மிஞ்சியது. அது பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். வானியலாளர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரீபர் எடுத்துக்கொண்டார்.

1937 கோடையில், அம்மாவின் வீட்டை ஒட்டிய இடத்தில், சொந்தச் சம்பளப் பணத்தில் ஒரு கிண்ண ஆன்டெனா எழுப்பினார். விட்டம் 31 அடி. மரச்சட்டம், மேலே துத்தநாகப் பூச்சுத் தகடு, சாய்ப்பதற்குப் பழைய ஃபோர்டு லாரியின் உதிரிபாகங்கள். நாலே மாதத்தில் முடிந்தது. மழை பெய்தால் நடுவிலிருந்த துளை வழியே தண்ணீர் கொட்டும். மழையைக் கட்டுப்படுத்தும் இயந்திரமோ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கிண்ணம் மேலும் கீழும் மட்டுமே சாயும், பக்கவாட்டில் திரும்பாது. பூமி சுழலச் சுழல வானம் தானே அதன் எதிரே வந்து கடந்துபோகும். உதகை முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தபோது எனக்கு இந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அமைத்த அந்தக் கருவி ஒரே விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்கும். ரீபருக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பொருளும் எதிரே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தார். முதலில் 3300 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். சூடான பொருள் எதுவும் உயர் அதிர்வெண்ணில் பலமாக ஒலிபரப்பும் என்பது அன்றைய கணக்கு. ஒன்றும் கேட்கவில்லை. ரிசீவரைப் புதிதாகக் கட்டி 910இல் கேட்டார். அப்போதும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை மொத்தத்தையும் மாற்றி 160க்கு இறங்கினார். அங்கே பால்வீதி தெளிவாகக் கேட்டது. அந்த இரண்டு தோல்விகளும்கூடக் கண்டுபிடிப்புதான் என்பேன். அதிர்வெண் குறையக் குறைய பலம் கூடுகிறதென்றால் அது வெறும் வெப்பம் அல்ல. ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பாயும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் எழும் அலை அது என்பது 1950களில்தான் விளங்கியது.

பகலில் சிகாகோவில் ரேடியோக் கம்பெனி வேலை. வீடு திரும்பி, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கி, நள்ளிரவில் எழுந்து ரிசீவர்முன் உட்காருவார். சாலையில் போகும் கார்களின் பிளக் பொறி ரிசீவரில் தடதடக்கும். அது அடங்குவது நள்ளிரவில்தான். மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்திருக்கும் எனக்கு, தெருவில் ஒரு பைக் போனாலே அந்தச் சங்கடம் தெரியும். நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் கையால் குறித்துக்கொள்வார். விடிந்தால் மறுபடி வேலை.

1940இல் வானியல் இதழில் கட்டுரை, 1944இல் ரேடியோ வானத்தின் வரைபடம். உலகப்போர் முடியும்வரை உலகிலேயே ரேடியோ வானியலாளர் என்று சொல்ல அநேகமாக இவர் ஒருவர்தான். ஜெர்மானியப் பிடியிலிருந்த நெதர்லாந்தில் வானியலாளர் யான் ஊர்ட், ரீபர் எழுதியதைப் படித்து, ரேடியோவில் ஏதேனும் நிறமாலைக் கோடு கிடைக்குமா என்று தன் மாணவர் வான் டெ ஹுல்ஸ்டிடம் கேட்டார். 21 சென்டிமீட்டர் ஹைட்ரஜன் கோடு என்று மாணவர் கணித்தார். 1951இல் அது ஹார்வர்டில் பிடிபட்டது. நம் பால்வீதியின் சுருள் கைகளை வரைந்ததே அந்தக் கோட்டைக் கொண்டுதான்.

1954இல் ரீபர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குப் போனார். எல்லாரும் உயர் அதிர்வெண்ணுக்குப் போய்விட்டபோது இவர் 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினார். பாத்வெல் ஊரருகே ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்தார். இடையில் அவரைக்கொடியை எதிர்த்திசையில் சுற்றவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். பெருவெடிப்புக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அதில் எனக்கு உடன்பாடில்லை.

2002 டிசம்பர் 20இல், 91 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில், டாஸ்மேனியாவில் மறைந்தார். அஸ்தியைப் பகிர்ந்து உலகின் பல ரேடியோ வானியல் நிலையங்களில் வைத்தார்கள். வீட்டன் கிண்ணம் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் நிலையத்தில் நிற்கிறது; அவரே மேற்பார்த்து நிறுத்தியது. அவருடைய அழைப்புக்குறி ஒரு ரேடியோ வானியல் நிறுவனத்தின் ஹாம் கிளப்பிடம் இருக்கிறது.

புதிதாக ஹாம் கற்க வருகிற பிள்ளைகளை ஊர்ச்சத்தம் இல்லாத இடத்துக்கு இரவில் அழைத்துப்போவேன். ஜான்ஸ்கி கேட்டது 20.5 மெகாஹெர்ட்ஸ்; எங்கள் 15 மீட்டர் பேண்ட் அதற்குப் பக்கத்திலேயே 21இல் இருக்கிறது. யாரும் பேசாத நேரமாகப் பார்த்து ரிசீவரைப் போட்டால் 'உஸ்' என்று இரையும். ஆன்டெனா கேபிளை உருவச் சொல்வேன். இரைச்சல் சட்டென்று இறங்கும். மறுபடி செருகினால் ஏறும். ஏறுகிற அந்தப் பங்கில் பெரும்பகுதி பால்வீதி என்றதும், அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கேபிளை இன்னொரு முறை உருவிச் செருகிப் பார்ப்பார்கள்.