பனமலையில் ராத் தங்கும் வேன்: பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கால ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் இடம்பெற்ற 12 கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். கோட்டையைப் பார்த்தவர்கள் அப்படியே பனமலைக்கும் போகலாம். ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயிலும், அதன் சுவரில் மிஞ்சியிருக்கும் பார்வதி ஓவியமும் அங்கே இருக்கின்றன. கீழே ஏரி. சொந்த வேனுக்குள் படுக்கை, விசிறி, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு ராத்திரி தங்கத் தோன்றுகிற இடம்தான்.

ஆனால் பிளக் பாயின்ட் கிடைக்காது. கேரளம் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை அறிவித்து, வண்டியை நிறுத்தி மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பூங்காக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. ஒரு கிராமத்து ஏரிக்கரையில் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. விடியும்வரை ஓட வேண்டிய அத்தனையும் சீட்டுக்கு அடியில் உள்ள பேட்டரியை நம்பித்தான். விசிறி நின்றால் வியர்த்துக்கொட்டும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜில் அப்பாவின் இன்சுலின் இருந்தால் கதை வேறு. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும்.

வோல்ட் பார்த்தால் போதாதா?

2012 வாக்கில் தமிழ்நாட்டை ஆட்டிப்படைத்த மின்வெட்டு, நம் வீடுகளில் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து வைத்தது. அதன் முகப்பில் வரிசையாக எரியும் சின்ன விளக்குகள் நினைவிருக்கலாம். நாலு கட்டையும் எரியும்; கரண்ட் போன அரைமணி நேரத்தில் இரண்டாகிவிடும்; விசிறியை நிறுத்தினால் மறுபடி மூன்றாக ஏறும். "என்னய்யா இது, குறைஞ்சது எப்படிக் கூடுச்சு?" என்று கேட்காத வீடு குறைவு. அந்த விளக்குகள் பெரும்பாலும் வோல்டேஜை வைத்து எரிபவை என்பதுதான் காரணம்.

12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் 12.7 வோல்ட் காட்டும். பாதியில் ஏறக்குறைய 12.2. கிட்டத்தட்ட காலியானால் 11.8 அல்லது 11.9. முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட வித்தியாசம் இல்லை. இந்தக் கணக்கும் சார்ஜ் ஏற்றாமல், எதையும் ஓட்டாமல் சில மணி நேரம் பேட்டரியைச் சும்மா விட்டால்தான் சரியாக வரும். வண்டி ஓடி நின்றவுடன் பார்த்தால் 13-ஐத் தாண்டிக் காட்டும். மிக்ஸி ஓடும்போது பார்த்தால் செத்துப்போன பேட்டரி மாதிரி தெரியும். இரண்டுமே பொய்.

இப்போது பலரும் மாறிவரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் வோல்டேஜால் இன்னும் பயன் குறைவு. 80 சதவீதம் இருக்கும்போதும் 13.2, 13.3 தான், 40 சதவீதத்துக்கு இறங்கினாலும் ஏறக்குறைய அதேதான். கடைசியில் சடாரென்று விழும்போது பி.எம்.எஸ். எனும் காவல் சர்க்யூட் மொத்தத்தையும் துண்டித்துவிடும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

அப்படியென்றால் எதை அளப்பது?

வீட்டுத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப்பார்க்க வழியில்லை என்றால், உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று குழாயில் மீட்டர் வைத்துக் கணக்கெடுக்கலாம். பேட்டரிக்கும் அதே வழிதான். அந்த மீட்டரின் பெயர் ஷன்ட்.

பார்க்க ஒரு பித்தளைக் கட்டை. பேட்டரியின் மைனஸ் முனைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவே உட்காரும். பள்ளியில் படித்த ஓம் விதிதான் உள்ளே வேலை செய்கிறது. 500 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் என்று எழுதியிருந்தால் அதன் மின்தடை 0.0001 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் இரு முனைகளுக்கிடையே 1 மில்லிவோல்ட் தோன்றும். அந்தத் துளியை மானிட்டர் நொடிக்கு நொடி படித்து, நேரத்தோடு பெருக்கி, ஆம்பியர்-அவராகக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். வயரைத் துண்டிக்காமல் வளையத்துக்குள் நுழைத்து அளக்கும் ஹால் சென்சாரும் உண்டு. மாட்டுவது சுலபம். ஆனால் சின்ன கரண்டைப் படிப்பதில் தடுமாறும்.

ஷன்ட்டை மாட்டுவதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று உண்டு. பேட்டரியின் மைனஸ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். பாடி எர்த், சோலார், இன்வெர்ட்டர் எல்லாம் ஷன்ட்டின் மறுபக்கம். ஏதாவது ஒரு வயரை நேரே முனையில் முறுக்கிவிட்டால், அதில் ஓடும் கரண்ட் கணக்கிலேயே வராது. திரை 90 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருக்க, பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கும்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு வேண்டும்?

100 ஆம்பியர்-அவர், 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 1,200 வாட்-அவர். ஆயுள் கெடாமல் இருக்கப் பாதியைத்தான் எடுக்கலாம். கைக்கு வருவது 600.

45 வாட் ஃபிரிட்ஜ் 10 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 225. இரண்டு 15 வாட் விசிறிகள் 9 மணி நேரத்துக்கு 270. விளக்குக்கு 40. இரண்டு போனுக்கு 30. மொத்தம் 565. அப்பாடா, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் போன் சார்ஜருக்காக ஆன் செய்த இன்வெர்ட்டரை யாரும் அணைக்கவில்லை. எதுவும் ஓடாதபோதும் அது தனக்கென்று 10 வாட் எடுத்தால் 10 மணி நேரத்தில் 100. கணக்கு 665-க்குப் போய்விட்டது. செஞ்சிப் பக்கத்துப் பாறைகள் பகலில் குடித்த வெயிலை ராத்திரி கக்கும்போது ஃபிரிட்ஜும் பாதி நேரத்தோடு நிற்காது. காகிதக் கணக்கில் விட்டுப்போகும் இப்படிப்பட்ட செலவைப் பிடிக்கத்தான் மீட்டர்.

"இண்டக்ஷன்ல ஒரு டீ போட்டுக்கலாமே" என்பார் யாராவது. 1,800 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேட்டரியில் அச்சடித்த 100 என்பது 20 மணி நேரத்தில் நிதானமாக, 5 ஆம்பியராக எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் லெட்-ஆசிட் குறைவாகவே தரும். 1897-லேயே பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். சாதாரண பேட்டரியில் 50 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் வராது. ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். லித்தியத்தில் இந்த இழப்பு மிகக் குறைவு. கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் பிழைத்தார்கள்.

வரவுப் பக்கமும் மீட்டர் இல்லாமல் புரியாது. சென்னையிலிருந்து செஞ்சிக்கு மூன்று மணி நேரம் ஓட்டி வந்தால், 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் அதிகபட்சம் 90 ஆம்பியர்-அவர் ஏற்றும். லெட்-ஆசிட் நிரம்ப நிரம்ப வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் கிடைப்பது அதைவிடக் குறைவு. கூரையில் 200 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் 800 வாட்-அவர் அளவில் வரும். ஆனால் வெயிலுக்குப் பயந்து வண்டியைப் புளியமரத்தடியில் விட்டால் வேன் குளிரும், பேனல் படுத்துவிடும். எது வேண்டும் என்பதைத் திரையில் ஓடும் ஆம்பியரைப் பார்த்து முடிவுசெய்யலாம்.

மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

அளவில் வரும் சின்னச் சின்னப் பிசகுகள் நாள்போக்கில் சேரும். எனவே வாரம் ஒரு முறையாவது பேட்டரியை முழுதாக ஏற்ற வேண்டும். அப்போது மானிட்டர் தன்னை 100-க்குத் திருத்திக்கொள்ளும். அடுத்து, பேட்டரியின் அளவு எவ்வளவு என்று மானிட்டருக்குச் சொல்பவர் நீங்கள்தான். நான்கு வருடப் பேட்டரியில் 100 போய் 70 தான் மிஞ்சியிருக்கும் என்றால், 100 என்றே விட்டுவைத்த மானிட்டர் 50 சதவீதம் காட்டும்போது உள்ளே முப்பதுகூட இருக்காது. நம் ஊர் வெப்பத்தில் இந்தத் தேய்மானம் வேகம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட்-ஆசிட்டின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை இந்தக் கணக்கிலிருந்து தனியாகப் பிரித்துவைப்பது அவசியம். இல்லையென்றால் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும் இருக்கட்டும். ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடிய பெட்டி அது.

மானிட்டர் மாட்டிய முதல் ராத்திரியே எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். பூஜ்யமோ அதற்கு மிக அருகிலோ காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். 0.8 ஆம்பியர் என்று காட்டினால் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது; ஒரு நாளில் 19 ஆம்பியர்-அவர் போய்விடும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ, அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் ஆள் அகப்படும்.