டர்போவின் அழுத்தம் குறைவது ஏன்?

டர்போ பொருத்திய மகிழுந்தில், இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி இயந்திரத்திற்குள் செலுத்துகிறது. இதனால், சிறிய இயந்திரமும் கூடுதல் ஆற்றலைப் பெறுகிறது.

பழைய மகிழுந்து மேட்டில் ஏறத் திணறினால், டர்போ பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு செய்யக்கூடாது. பல ஆண்டுகளாக வெப்பத்தைத் தாங்கிய ரப்பர் குழாயில் வெடிப்பு ஏற்பட்டிருக்கலாம். அழுத்தப்பட்ட காற்று அதன் வழியே கசிந்துவிடும். வேகத்தைக் கூட்டும்போது ‘உஸ்’ என்ற ஓசை கேட்பது அதற்கு ஓர் அறிகுறி.

எனவே, இயந்திரம் ஆறிய பிறகு, முதலில் குழாய்களையும் அவற்றின் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். அடுத்து, புகையின் ஒரு பகுதியை டர்போவுக்குச் செல்லவிடாமல் திருப்பிவிடும் வால்வு, மூடாமல் சிக்கியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். டர்போவைக் கழற்றுவது இறுதிப் படியே. இந்த வரிசையைப் பின்பற்றினால், ஒரு குழாயை மாற்றித் தீர்க்கவேண்டிய பழுதுக்குப் புதிய டர்போ வாங்கும் வீண்செலவைத் தவிர்க்கலாம்.