ஊக்கியின் அளவும் சிலிக்கா நனோதுணிக்கைகளின் பருமனும்

தோட்ட வீடுகளில் ரொட்டிக்கு மா பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். பிசைந்த மாவை 8 உருண்டைகளாகப் பிடித்தால் ஒவ்வொன்றும் சிறியது. ஒரே உருண்டையாகப் பிடித்தால் பெரியது. மாவின் திணிவு மாறவில்லை. உருண்டைகளின் எண்ணிக்கையே மாறியது. இதை மனத்திற் கொண்டால், ஆய்வுகூட வசதி குறைந்த பதுளைத் தோட்டப் பாடசாலை மாணவரும் இவ்விடயத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

தயாரிப்பு முறை

1968 இல் ஸ்டோபர், ஃபிங்க், போன் ஆகியோர் வெளியிட்ட முறை இதுவாகும். எதனோல் ஊடகத்தில் டெற்றாஎதொட்சிசிலேன், நீர், அமோனியா ஆகியன கலக்கப்படும். அமோனியா இங்கு மூல ஊக்கியாகும். தாக்கம் இரு படிகளில் நிகழும்.

1. நீர்ப்பகுப்பு: எதொட்சிக் கூட்டங்கள் ஐதரொட்சிற் கூட்டங்களாக மாறும், எதனோல் வெளியேறும்.
2. ஒடுக்கம்: நீர் நீங்கி, சிலிக்கன்–ஒட்சிசன்–சிலிக்கன் பிணைப்புகள் உருவாகும்.

ஈற்றில் கோளவடிவச் சிலிக்காத் துணிக்கைகள் பெறப்படும். நிபந்தனைகளுக்கேற்ப அவற்றின் விட்டம் ஏறத்தாழ 50 நனோமீற்றர் முதல் 2000 நனோமீற்றர் வரை அமையலாம்.

அமோனியாவைக் கூட்டினால்?

“தாக்கவீதம் கூடும், எனவே கருக்கள் பெருகித் துணிக்கைகள் சிறிதாகும்” எனப் பலர் விடை எழுதுவர். இது தவறாகும். ஏனைய நிபந்தனைகள் மாறாதிருக்க, குறித்த வீச்சினுள் அமோனியாச் செறிவு கூடும்போது துணிக்கையின் பருமனும் கூடும்.

காரணம்: அமோனியா நீரில் பகுதியாக அயனாகி அமோனியம், ஐதரொட்சைட்டு அயன்களைத் தரும். மறையேற்றமுடைய சிறு துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. கரைசலில் அயன்செறிவு கூட, இத்தள்ளுகை வலுவிழக்கும். சிறு துணிக்கைகள் ஒன்றுசேரும். எண்ணிக்கை குறைய, பருமன் கூடும்.

கணித்துப் பார்ப்போம்

100 நனோமீற்றர் விட்டமுள்ள 8 துணிக்கைகள் ஒரு கோளமாகச் சேர்ந்தால் அதன் கனவளவு 8 மடங்கு. எனவே விட்டம் 8 இன் கனமூலமாகிய 2 மடங்கு, அதாவது 200 நனோமீற்றர். மொத்த மேற்பரப்பளவோ அரைவாசியாகக் குறையும்.

கவனிக்க

ஊக்கி சமநிலைத் தானத்தை மாற்றாது என்ற விதி இங்கு மீறப்படவில்லை. விளைவாகும் சிலிக்காவின் மொத்த அளவை நிர்ணயிப்பது எடுத்த டெற்றாஎதொட்சிசிலேனின் அளவே. அது எத்தனை துணிக்கைகளாகப் பகிரப்படும் என்பதிலேயே அமோனியா செல்வாக்குச் செலுத்துகிறது.

பயிற்சி வினா: 27 சம துணிக்கைகள் ஒரு கோளமாகச் சேர்ந்தால் விட்டம் எத்தனை மடங்காகும்?

விடை: 3 மடங்கு.