மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளை மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்கு அழைத்து வருவார்கள். பிள்ளைக்கு இடுப்பில் அரைஞாண், கன்னத்தில் மை, கையில் கருப்பு வளையல். ஆட்டோ வந்து நின்றதும் தெருவே எட்டிப் பார்க்கும். யார் சாயல், என்ன நிறம், எவ்வளவு எடை என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பெற்றவளை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனையோ வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டேன். அம்மாவாக ஆவதில் உள்ள சிரமமெல்லாம் அவளுக்கு அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தாய்வீட்டில் அவள் உடம்புக்கு ஒரு குறையும் வைத்திருக்க மாட்டார்கள். ‘பச்சை உடம்பு’ என்று வெந்நீர் ஊற்றிவிடவும், லேகியம் உருட்டிக் கொடுக்கவும் அம்மா இருப்பாள். காசிமேட்டுப் பக்கத்து வீடுகளில் பால்சுறா புட்டு இல்லாமல் பிள்ளைப்பேறு கிடையாது. சுறாத் துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, சூடு ஆறும் முன்னே தோலை உரித்து, நடு எலும்பை நீக்கி, கையால் பிழிந்து பூப்போல உதிர்ப்பார்கள். கைநிறைய உரித்த பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, நல்லெண்ணெயில் ஈரம் போகும்வரை வதக்குவார்கள். பால் நன்றாக ஊறும் என்பது நம்பிக்கை. நாற்பது நாளும் அடுப்பை இன்னொருத்தி பார்த்துக்கொண்டாள், ராத்திரியில் இன்னொருத்தி எழுந்து தூளியை ஆட்டினாள் என்பதுதான் இந்தக் கவனிப்பிலேயே பெரிய மருந்து.

புகுந்த வீட்டில் அந்த இன்னொருத்தி இல்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ஒரே அறைக் குடித்தனங்கள் இன்றும் ஏராளம். சுனாமிக்குப் பிறகு கரையோரக் குப்பங்களிலிருந்து எர்ணாவூர் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களில், மூன்று வீடு தள்ளி இருந்த அத்தையும் பெரியம்மாவும் பஸ் ஏறி வர வேண்டிய தூரத்துக்குப் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு, இந்தப் பகுதியே ஷிப்டு கணக்கில் ஓடுவது. துறைமுகம், வாகனத் தொழிற்சாலைகள், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், கன்டெய்னர் யார்டு என்று எங்கே வேலை பார்த்தாலும் வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். நைட் ஷிப்டு முடித்துக் காலையில் வருகிற புருஷன் தூங்கியாக வேண்டும். இருப்பது ஒரே அறை. பிள்ளை வீறிட்டு அழுதால், ‘அவர் தூங்கட்டும்’ என்று அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். ஹவுசிங் போர்டு மாடிப்படியில் பகல் பதினொரு மணிக்குக் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தால் காற்றுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தோன்றும். ராத்திரியும் தூங்காமல், பகலிலும் படுக்க இடமில்லாமல் வந்தவர்கள் அவர்கள். ‘பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கும்மா’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளை தூங்குகிற நேரத்தில்தான் தண்ணி லாரி வருகிறது.

இந்தச் சோர்வு எல்லாமே நோய் இல்லை. பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் காரணம் தெரியாமல் கண் கலங்குவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு வரக்கூடியது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால்தான் மனச்சோர்வு நோயோ என்று சந்தேகிக்க வேண்டும். பிள்ளை தூங்கியும் அவளுக்குத் தூக்கம் வராது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். சிலருக்குப் பிள்ளையைப் பார்த்தால் எதுவுமே தோன்றாது. இந்தக் கடைசி விஷயத்தை எந்தத் தாயும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தலைவலி, படபடப்பு, கை கால் ஓய்ச்சல் என்று உடம்பின் பெயரில்தான் சொல்லுவாள். வீட்டில் கிடைக்கும் பதில், ‘நாங்கெல்லாம் பெத்துப் போடலையா?’ என்பது.

வேலூர் பக்கத்துக் கிராமங்களில் 359 பெண்களைப் பிரசவத்துக்கு முன்பும், பிறகு 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் சந்தித்து அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். யாருக்கு அதிகம் வந்தது என்றும் பார்த்திருக்கிறார்கள்: வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண் பெற்றவர்கள், மாமியாரோடும் சொந்தப் பெற்றோரோடும் மனக்கசப்பு உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் ஏதாவது பெரிய இடி விழுந்தவர்கள், கைவேலைக்கு ஆள் இல்லாதவர்கள். வருமானத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. கைவேலைக்கு ஆள் இல்லை என்பதை மட்டும் புருஷன் நினைத்தால் இன்றைக்கே மாற்றலாம். துணி அலசுவதும் குடம் தூக்குவதும் இங்கே மருத்துவம் என்றே சொல்லுவேன்.

புருஷனின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். காசிமேட்டு விசைப்படகில் போகிறவர் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். கைநீட்டினால் பிள்ளை அழுதுகொண்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அந்த மனிதர் வெளியே சிரித்தாலும் உள்ளே நொந்துபோவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிள்ளையோடு பழக அவருக்குக் கிடைக்கும் நீண்ட காலம் அது ஒன்றுதான். கையில் காசு இல்லாமல் கடன் நெருக்குவதும் அதே நாட்களில்தான். பிள்ளை பிறந்த ஆண்களில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் கணக்கிட்டார்கள். ஆண்களிடம் அது அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிந்து விழுவார்கள், வீட்டுக்கு நேரம் கழித்து வருவார்கள், குடி கூடும்.

சட்டம் இவர்களுக்குப் பெரிய துணையாக இல்லை. 2017 திருத்தத்தால் பேறுகால விடுப்பு 26 வாரமானது. மீன் கூடை சுமப்பவளுக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் அதில் ஒரு நாள்கூடக் கிடையாது. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளி ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போய்விடும்.

அதனால் இருக்கிற ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு வழி தேட வேண்டியிருக்கிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிரசவமான பெண்ணும் சரி, வேறெங்கே பிரசவமானவளும் சரி, பிள்ளையின் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் தடுப்பூசிக்காக நகர்ப்புற சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுவாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். பணமாக 14,000, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அதில் ஒரு தவணை மூன்றாவது தடுப்பூசிக்குப் பிறகுதான் வரும். ஆகவே மழையானாலும் வெயிலானாலும் வருவாள். பிள்ளையை எடை போடுவார்கள், ஊசி போடுவார்கள், காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து கொடுப்பார்கள், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லுவார்கள். அந்த அரை மணி நேரத்தைத் தாய்க்குக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

கேட்பதற்குக் கேள்விகளும் தயாராகவே இருக்கின்றன. எடின்பரோவில் 1987இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளவை; தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெடும் அளவுக்கு வருத்தமா என்று போகும். தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது கடைசிக் கேள்வி. ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மாமியார் பக்கத்தில் நின்றால் எந்தப் பெண்ணும் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றுதான் சொல்லுவாள். பிள்ளையை மாமியாரிடம் கொடுத்து எடை போட அனுப்பிவிட்டு, நர்ஸ் தனியாகக் கேட்க வேண்டும். கர்ப்ப காலம் முழுக்க ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் விடாமல் பார்க்கும் தமிழ்நாட்டில் இது நடக்காத காரியம் இல்லை.

சோர்வு இருப்பதாகத் தெரிந்தால், இந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பலருக்குப் பேச்சும், வீட்டில் கொஞ்சம் கை உதவியும், ராத்திரியில் தொடர்ந்து நாலைந்து மணி நேரத் தூக்கமுமே போதும். மருந்து தேவைப்படுகிறவர்களுக்குப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டரிடம் பால் கொடுப்பதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆயிரத்தில் ஓரிருவருக்குப் பிரசவமான சில நாட்களிலேயே பேச்சு மாறும், தூக்கமே இருக்காது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவார்கள். ‘ஜன்னி கண்டுடுச்சு’ என்று தாயத்துக் கட்டி நாளைக் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். கைக்குழந்தையை அவளிடமிருந்து பிரித்து ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உறவுகள் அவசரப்படுவார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் பிரித்து வைக்கலாம், அப்போதும் மேற்பார்வையோடு தாய் பார்க்க வழி செய்ய வேண்டும். வார்டில் இதை எடுத்துச் சொல்லிக் கேட்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு.