பிள்ளைகளின் கைப்பேசியும் குடும்பத்தின் கணக்கும்

செம்பூரில் காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு, இட்லிப் பாத்திரம் கட்டிய சைக்கிளோடு தாராவியிலுள்ள எங்கள் கிளைக்கு நேராக வந்திருந்தார் ஒரு தந்தை. உடன், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். மகனின் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இயலவில்லை என்பது முறையீடு. வேறொரு மாநிலக் காவல்துறையின் கடிதத்தின்பேரில் அக்கணக்கு முடக்கப்பட்டிருந்தது.

விசாரித்தோம். இன்ஸ்டாகிராமில் அறிமுகமான 'அண்ணன்' ஒருவர், கணக்கை இரண்டு நாள் தந்தால் மூவாயிரம் ரூபாய் தருவதாகக் கூறியிருக்கிறார். பையன் ஏடிஎம் அட்டையையும், கணக்கோடு இணைந்த சிம் கார்டையும் கொடுத்துவிட்டான். எவரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம் அக்கணக்கின் வழியே கடந்து சென்றிருந்தது.

"ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார் தந்தை.

"சொன்னா போனப் பிடுங்கிருவீங்கல்லப்பா" என்றான் மகன்.

இத்தகைய கணக்குகளை வங்கித் துறையில் 'மியூல்' கணக்கு என்பர். பொதி சுமக்கும் கோவேறு கழுதை என்பது அச்சொல்லின் பொருள். பொதிக்குரியவன் தப்பிவிடுகிறான், சுமந்தவர் அகப்பட்டுக்கொள்கிறார்.

1995இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் பணியைத் தொடங்கிய 'பிரதம்' தொண்டு நிறுவனம் நடத்தும் 'ஏசர்' ஆய்வு, 2024ஆம் ஆண்டில் 14 முதல் 16 வயதினரின் கைப்பேசிப் பழக்கத்தையும் ஆராய்ந்தது. கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பே எனினும், நகரத்தார்க்கும் அதில் செய்தி உண்டு. 82 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் ஸ்மார்ட்போனை இயக்க அறிந்திருந்தனர். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதனைப் படிப்புக்காகப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு. சமூக ஊடகப் பயனர்களுள் வேண்டாத ஒருவரைத் தடுக்கவோ அவர்மீது புகாரளிக்கவோ அறிந்தோர் 62 விழுக்காட்டினர். தம் பக்கத்தை அயலார் காணாதவாறு அமைக்க அறிந்தோர் சுமார் 55 விழுக்காட்டினர். ஐவரில் இருவருக்குக் கடவுச்சொல்லை மாற்றத் தெரியவில்லை. எங்களைப் போன்ற வங்கிப் பணியாளர்களின் உறக்கத்தைக் கெடுப்பது இந்தக் கடைசி எண்தான். பத்து வயதுக்குக் குறையாத சிறார் தாமே கணக்கைத் தொடங்கி இயக்க வங்கிகள் இடமளிக்கலாம் என 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவித்துள்ளது அல்லவா!

அப்படியானால் கைப்பேசியைப் பறித்துவிடலாமா? ஐரோப்பாவின் 25 நாடுகளில் 9 முதல் 16 வயதுச் சிறாரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் சோனியா லிவிங்ஸ்டன் தலைமையில் 2010இல் நடந்த ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. இணையத்தில் மனத்தைப் புண்படுத்தும் செய்திகளைப் பெற்ற பிள்ளைகளின் பெற்றோருள் 56 விழுக்காட்டினர், தம் பிள்ளைக்கு அவ்வாறு எதுவும் நேரவில்லை என்றே கூறினர். செல்வ நாடுகளிலும் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

வங்கியைப் பொறுத்தவரை இந்த மௌனத்துக்கு விலை உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியோ வாடிக்கையாளரோ தவறிழைக்காத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஓடிபியை நாமே சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்த பின் நேர்வது வங்கியுடையது. பறிபோன பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவிக்கொண்டேயிருக்கும். ஆகவே 1930 என்ற எண்ணை உடனே அழைப்பது நன்று.

வாடிக்கையாளர்களே, இன்றிரவு பிள்ளையோடு அமர்ந்து கடவுச்சொல்லை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். தெரியாவிடில் இருவரும் சேர்ந்தே கற்கலாம். கணக்கை இரவல் கொடுப்பது குற்றம் என்பதை விளக்குங்கள். தவறு நேர்ந்ததைச் சொன்னால் கைப்பேசி பறிக்கப்படாது என்ற உறுதியையும் அளியுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

அந்தத் தந்தையும் மகனும் காவல்துறைக்கான விளக்கக் கடிதத்தை எங்கள் மேசையிலேயே எழுதினர். தந்தை தமிழில் சொல்லச் சொல்ல, மகன் இந்தியில் எழுதினான். கணக்கு இன்னும் விடுவிக்கப்படவில்லை.