தொட்டியில் பூக்கும் கருங்குவளை

நம் நாட்டுக் குளங்களில் இயல்பாகப் பூக்கும் நீல மலர் கருங்குவளை. தாவரவியலார் இதனை நிம்ஃபியா நௌசாலி என்பர். கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் தளிர்க்கும் இதனை, நாள்தோறும் 6 மணி நேரம் வெயில் விழும் மாடியிலும் வளர்க்கலாம்.

குளத்தில் பறிக்காது, நாற்றுப்பண்ணையில் கிழங்கைப் பெறுவோம். அகன்ற தொட்டியில் களிமண்ணிட்டு, முளை வெளியே தெரியுமாறு ஊன்றி, மேலே மணல் பரப்புவோம். முதலில் அரைச் சாண் ஆழ நீர் போதும். இலைகள் உயர உயர நீரையும் உயர்த்தலாம். பச்சைச் சாணம் இடலாகாது. நீர் கெட்டுப் பாசி படரும். கொசுப்புழுக்களைக் கப்பி மீன்கள் தின்றுவிடும்.

வட மாநிலக் குளிரில் இலைகள் அழுகி மறையும்போது, செடி பட்டுவிட்டதென்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறோம். பிழை அதுவே. கிழங்கு தன் சேமிப்பைக் கொண்டு உறங்குகிறது. ஈரமணலில் காத்துவைத்தால் வெப்பம் திரும்பியதும் துளிர்க்கும்.